புது விமானம் ‘முகம் காட்ட’ வருது... போட்டோ எடுத்தா பிரச்சனையா? முத்தியால்பேட்டை மாடியிலிருந்து ஒரு விளக்கம்

லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான் தூரம். இண்டிகோவின் ஏடிஆர் தாழ்வாக வரும்போது மொட்டை மாடியில் துணி காயப்போடுபவர்கள் கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான். ஆனால் ஒரு சிலருக்கு அது போதாது. என்ன ரகம், என்ன பதிவு எண், எந்தப் பக்கத்திலிருந்து இறங்குது என்று கேமராவும் கையுமாக நிற்பார்கள். இவர்களைத்தான் ‘பிளேன் ஸ்பாட்டர்’ என்கிறார்கள்.

இவர்களுக்குத் தீபாவளி மாதிரி ஒரு நாள் உண்டு. ஒரு புதிய ரக விமானம், பயணிகளை ஏற்ற ஆரம்பிக்கும் முன்னாடியே, விளம்பரத்துக்காக ஊர் ஊராக வந்து முகம் காட்டிவிட்டுப் போகும் நாள். அன்று படம் எடுக்க முடியுமா, எங்கே நின்று எடுக்கலாம், போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்கு யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் வரும். சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில், விமானம் ஏன் ‘டூர்’ போகுது?

கார் கம்பெனி புது மாடலை ஷோரூமில் நிறுத்தும். விமானத்தை அப்படி நிறுத்த முடியாது. அதனால் விமானமே வாங்குபவரைத் தேடிப் போகிறது. விமான நிறுவன அதிகாரிகளை ஏற்றி ஒரு சுற்று, பத்திரிகையாளர்களை ஏற்றி ஒரு சுற்று. கூடவே ஒரு வேலையும் நடக்கும். நம்ம ஊர் ஓடுபாதையில் இது திரும்புமா, டாக்ஸிவேயில் இறக்கை இடிக்காமல் போகுமா, ஏரோபிரிட்ஜ் கதவுக்குச் சரியாக வந்து உட்காருமா என்று நேரிலேயே அளந்து பார்ப்பார்கள்.

இப்படி வருவது பல நேரங்களில் சோதனை விமானமாகவே இருக்கும். சில சோதனை விமானங்களுக்குள் சீட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் பேரல்கள்தான் வரிசையாக நிற்கும். பயணிகளின் எடையைக் காட்டவும், எடையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவும் அந்த ஏற்பாடு. பிரான்ஸின் துலூஸ் நகரில் தயாராகும் ஏர்பஸ் சோதனை விமானங்களின் பதிவு எண் ‘எஃப்-டபிள்யூ’ என்று தொடங்கும். வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது அந்த எண் மாறிவிடும். ஸ்பாட்டர்கள் இந்த வருகைக்காக இவ்வளவு அடித்துக்கொள்வது இதனால்தான். அந்த எண்ணோடு, அந்த நிறத்தோடு அதே விமானத்தை மறுபடி பார்க்கக் கிடைக்காமலே போகலாம்.

(போகிற போக்கில் ஒரு சேதி: லாஸ்பேட்டையில் இறங்கும் ஏடிஆர் விமானமும் துலூஸில்தான் உருவாகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு உறவு வெறும் தெருப் பெயரோடு முடியவில்லை.)

வந்தது... காட்டியது... வாங்கினார்களா?

இந்தியாவுக்கு இப்படி வந்தவற்றில் பெரிய பெயர், 1972 ஜூனில் ஆசியாவைச் சுற்றி விற்பனைப் பயணம் கிளம்பிய கான்கார்டு. அந்தச் சுற்றில் பம்பாய்க்கும் வந்தது. ஒலியை மிஞ்சும் வேகம் கொண்ட அந்த விமானத்தில் இரண்டுக்கு ஏர் இந்தியா முன்பதிவு உரிமை வைத்திருந்தது. கடைசியில் ஒன்றுகூட வாங்கவில்லை.

அடுத்து 2007 மே. உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380 டெல்லியிலும் மும்பையிலும் இறங்கியது. அதுவரை எந்த நாட்டிலும் அது பயணிகள் சேவையைத் தொடங்கவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதைப் பறக்கவிட்டதே அந்த ஆண்டு அக்டோபர் 25-ல்தான். விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் ஐந்து ஏ380 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த காலம் அது. நாடே அண்ணாந்து பார்த்தது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. ஒரு ஏ380 கூட அதன் கைக்கு வரவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் ஏ380-ஐ இந்தியாவுக்கு இயக்க அரசு 2014-ல்தான் அனுமதித்தது. அதற்கடுத்த ஐந்தே ஆண்டில், 2019 பிப்ரவரியில், தயாரிப்பையே நிறுத்தப்போவதாக ஏர்பஸ் அறிவித்துவிட்டது. மொத்தம் 251 விமானங்களோடு கதை முடிந்தது. இன்று வரை எந்த இந்திய நிறுவனமும் ஏ380 இயக்கியதில்லை. ஆக, 2007-ல் டெல்லி, மும்பை வெயிலில் நின்று யாரோ எடுத்த படங்கள், நடக்காமல் போன ஒரு திட்டத்துக்கான சாட்சி. விளம்பரத்துக்கு வந்த விமானம் போய்விட்டது, படம் நிற்கிறது.

எல்லா வருகையும் இப்படி வீணாகவில்லை. 2011 ஜூலையில் டெல்லிக்கு முகம் காட்ட வந்த போயிங் 787 டிரீம்லைனரை ஏர் இந்தியா 2012 செப்டம்பரில் நிஜமாகவே கையில் வாங்கியது. அதன் முதல் பயணிகள் சேவை எந்த ஊருக்கு என்பதில்தான் நமக்கு ஒரு சின்ன பெருமை. 2012 செப்டம்பர் 19-ல் டெல்லியிலிருந்து சென்னைக்கு.

சமீபத்திய உதாரணம், 2024 ஜனவரி 18 முதல் 21 வரை ஹைதராபாத் பேகம்பேட்டை பழைய விமான நிலையத்தில் நடந்த ‘விங்ஸ் இந்தியா’ கண்காட்சி. போயிங் 777-9 அங்கேதான் முதல்முறையாக இந்தியா வந்தது. இறக்கை நுனியை மடக்கும் விமானம் அது. விரித்தால் 71.8 மீட்டர், மடக்கினால் 64.8 மீட்டர். ஏற்கனவே இருக்கிற பார்க்கிங் இடத்தில் நுழைவதற்காகத்தான் இந்த மடிப்பு. ஏர் இந்தியா இதில் 10 வாங்க ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஆனால் முதல் டெலிவரியே 2027-க்குத் தள்ளிப்போகிறது என்று 2025 அக்டோபரில் போயிங் சொல்லிவிட்டது. அதே கண்காட்சியில் ஏர் இந்தியாவின் புத்தம்புது ஏ350-ம் நின்றது. அது கண்காட்சி முடிந்த மறுநாளே, ஜனவரி 22-ல், உள்நாட்டுச் சேவைக்கு வந்துவிட்டது. சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

அடிப்படை விதி ரொம்பப் பழசு. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி. அரசு விமான நிலையத்திலோ, பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் புகைப்படம் எடுக்கக் கூடாது என்கிறது அது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக ‘பாரதிய வாயுயான் அதினியம்’ 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்காகப் பழைய விதிகள் எல்லாம் அன்றைக்கே காணாமல் போய்விடவில்லை.

‘அப்போ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லோரும் மேகத்தைப் படம் எடுக்கிறாங்களே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 செப்டம்பரில் நடிகை கங்கனா ரனாவத் வந்த விமானத்துக்குள் கேமராக்காரர்கள் முண்டியடித்தபோது இந்தச் சந்தேகம் பெரிதாகக் கிளம்பியது. விதியை மீறிப் படம் எடுத்தால் அந்தத் தடத்தில் இரண்டு வாரம் விமானமே ஓடாது என்று டிஜிசிஏ முதலில் எச்சரித்தது. மறுநாளே விளக்கம் வந்தது. 2004-லேயே கொடுத்த தளர்வின்படி பயணிகள் உள்ளேயிருந்து படமும் வீடியோவும் எடுக்கலாம், பாதுகாப்புக்கு இடைஞ்சலாகவோ குழப்பம் ஏற்படுத்தும் விதமாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றது.

2025 மே மாதம் இன்னொரு உத்தரவு சேர்ந்தது. ராணுவத்தோடு ஓடுபாதையைப் பகிரும் விமான நிலையங்களில், 10,000 அடி உயரம் தாண்டும் வரை ஜன்னல் மறைப்பை மூடியே வைக்க வேண்டும், அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு, படம் எடுக்கவே கூடாது என்று. இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த சூடு அது.

இப்போது மாடிக்கு வருவோம். 13-வது விதியின் வாசகம் ‘விமான நிலையத்தில்’ எடுப்பதையும் ‘விமானத்திலிருந்து’ எடுப்பதையும் பற்றியது. வேலிக்கு வெளியே, சொந்த வீட்டு மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுப்பதை அது குறிப்பிடவில்லை. இதை வைத்து ‘எனக்கு எல்லா உரிமையும் இருக்கு’ என்று கிளம்பிவிடக் கூடாது. 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் தனியாக இருக்கிறது. ராணுவ இடங்கள் போன்ற ‘தடை செய்யப்பட்ட இடங்கள்’ அதற்குள் வரும். நாட்டுப் பாதுகாப்புக்குக் கேடு என்ற நோக்கத்தை நிரூபிப்பது வேறு விஷயம். ஆனால் விசாரணை என்ற பெயரில் ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வேண்டி வந்தால் யாருக்கு நஷ்டம்?

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கவனிக்க ஒரு குறிப்பான காரணம் இருக்கிறது. லாஸ்பேட்டை இப்போது வெறும் சிவில் நிலையம் இல்லை. இந்தியக் கடலோரக் காவல்படையின் விமானப் பிரிவு வளாகம் புதுச்சேரியில் 2024 ஆகஸ்ட் 18-ல் திறக்கப்பட்டது. இண்டிகோ ஏடிஆர் தரையிறங்குவதை மாடியிலிருந்து எடுப்பது ஒன்று. ஜூம் லென்ஸைக் காவல்படை ஹேங்கர் பக்கம் திருப்புவது முற்றிலும் வேறு. அது நிச்சயம் வேண்டாம். டிரோன் பற்றிப் பேச்சே கிடையாது. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 கி.மீ. வரை அனுமதியின்றிப் பறக்கவிடவே முடியாத சிவப்பு மண்டலம். முத்தியால்பேட்டை அதற்குள் வருகிறது.

இது இந்தியாவின் பிரச்சனை மட்டுமல்ல. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 நெதர்லாந்துக்காரர்களும் கைதானார்கள். விமானங்களைப் பார்த்து எண் குறித்ததுதான் விவகாரமானது. 2002 ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. ஓராண்டு அலைச்சல். மறுபக்கம் பாருங்கள்: மான்செஸ்டரில் ஓடுபாதையை ஒட்டி விமானம் பார்க்கவே பூங்கா இருக்கிறது. ஒரு பழைய கான்கார்டையும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் இதாமி விமான நிலையத்திலும் அப்படியொரு பூங்கா உண்டு. நின்று பார்க்க ஓர் இடத்தைக் காட்டிவிட்டால், பாதுகாப்புப் படைக்கும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். நம் ஊர்களில் இதைச் செய்வது ஒன்றும் பெரிய செலவில்லை. 2022 ஜூலையில் திமிங்கலம் மாதிரி இருக்கும் ஏர்பஸ் பெலுகா எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கியபோது, படத்தைப் பெருமையாகச் சமூக வலைதளத்தில் போட்டதே விமான நிலைய நிர்வாகம்தான்.

‘சும்மா பொழுதுபோக்கு’தானா?

2025 ஜூன் 12. அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 டிரீம்லைனர் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். அந்தக் கடைசி நொடிகள் உலகத்துக்குத் தெரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், விமானம் பார்க்கும் ஆசையில் மாடியிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன். போலீஸ் அந்தச் சிறுவனைச் சாட்சியாக விசாரித்தது. கைது என்று வதந்தி பரவ, ‘கைது செய்யவில்லை’ என்று போலீஸே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே வீடியோவுக்காக ஒருவர் நல்ல சாட்சியாகவும் சந்தேக நபராகவும் பேசப்பட்டார். ஸ்பாட்டர்கள் இந்தியாவில் நிற்கும் இடம் அதுதான்.

லாஸ்பேட்டைக்குப் பெரிய விமானம் வருமா?

இப்போதைக்கு இல்லை. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சென்னையின் பிரதான ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். நீட்டிக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலமும் தேவைப்படுகிறது. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கும் பேச்சு இது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூரு, ஹைதராபாத் ஊர்களுக்கு ஏடிஆர் விடுகிறது. அதுதான் நமக்கு.

புது விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் பேகம்பேட்டைக்கு டிக்கெட் எடுப்பதே நல்ல வழி. விங்ஸ் இந்தியா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு, கடைசியில் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. உள்ளே படம் எடுத்தால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

மாடியில் நின்று பழக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தரைச்சூட்டில் காற்று நெளிந்து படம் கலங்கிவிடும். ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 வைக்கலாம். ஏடிஆருக்கு அதை வைத்தால் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கிற மாதிரி, ஏதோ இன்ஜின் நின்றுபோன விமானம் மாதிரி விழும். 1/160 பக்கம் இறக்கி, விமானத்தோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்துங்கள். முதல் இருபது படம் ஆடித்தான் வரும்.