தோட்டத்தில் உயில், பெட்டகத்தில் டைரி

ஜெர்மனியில் இஸர்லோன் என்று ஓர் ஊர். 1946-ம் ஆண்டு பிறந்த சமயம், கடுங்குளிர். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வீட்டுக் கொல்லையில் ஒருவர் கோடாலியால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். மண் உறைந்து பாறையாகிக் கிடந்தது. கொத்தியவர், தோற்றுப்போன ஜெர்மன் ராணுவத்தின் மேஜர் வில்லி யோஹான்மையர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பிரிட்டிஷ் உளவு இலாகாவைச் சேர்ந்த ஹியூ டிரெவர்-ரோப்பர். வயது 31, யுத்தத்துக்கு முன் ஆக்ஸ்போர்டில் சரித்திர ஆராய்ச்சி செய்துவந்தவர்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி வெளிவந்தது. உடைத்தார்கள். உள்ளே இருந்தது அடால்ப் ஹிட்லரின் உயில்!

முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன. 1983 ஏப்ரலில், ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரத்துப் பாங்கு ஒன்றில், அதே டிரெவர்-ரோப்பர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே கட்டுக் கட்டாகக் கறுப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள். ஹிட்லர் தம் கைப்படவே எழுதிய டைரிகள் என்றார்கள். அவரும் புரட்டிப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். அத்தனையும் போலி.

முதல் தடவை மெய்யைத் தோண்டி எடுத்த அதே மனிதர், இரண்டாம் தடவை பொய்யிடம் ஏமாந்தது எப்படி? ஹிட்லரின் சரித்திரம் எழுதப்பட்ட கதையில் இதைவிட ருசிகரமான கட்டம் வேறு இல்லை.

செத்தாரா, தப்பினாரா?

1945 ஏப்ரல் 30-ந் தேதி பெர்லின் நிலவறையில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். இன்று இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பெர்லினைப் பிடித்தவர்கள் ரஷ்யர்கள். அவர்களோ வாய் திறக்கவில்லை. ஹிட்லர் ஸ்பெயினுக்கோ அர்ஜென்டினாவுக்கோ தப்பியிருக்கலாம் என்று ஸ்டாலினே சொல்லிவந்தார். நாளுக்கு ஒரு வதந்தி கிளம்பிற்று. விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கும்படி 1945 செப்டம்பரில் டிரெவர்-ரோப்பரிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

அவர் செய்தது என்ன? கைதி முகாம் முகாமாகப் போய், நிலவறையில் கடைசி நாட்களில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார். ஹிட்லரின் கார் டிரைவர் எரிக் கெம்ப்கா, பிணத்தை எரிக்கப் பெட்ரோல் திரட்டிக் கொடுத்ததைச் சொன்னார். அங்கே காவல் நின்ற ஹெர்மன் கார்னாவ் என்ற போலீஸ்காரர், தோட்டத்தில் இரண்டு உடல்கள் எரிந்ததைத் தற்செயலாகப் பார்த்தவர். தனித்தனியே காவலில் இருந்தவர்கள், கூடிப் பேசிக் கதை கட்ட வழியில்லாதவர்கள், ஒரே சம்பவத்தை ஒரே மாதிரி சொன்னார்கள். சின்னச் சின்ன விவரங்களில் மட்டும் வேறுபட்டார்கள். கண்ணால் கண்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றையே ஒப்பித்திருந்தால் அல்லவா சந்தேகப்பட வேண்டும்?

நவம்பர் 1-ந் தேதி பெர்லினில் பத்திரிகையாளர்களிடம் முடிவை அறிவித்தார். உயில்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அகப்பட்டன. நிலவறையிலிருந்து மூன்று பிரதிகளோடு மூன்று பேர் புறப்பட்டிருந்தார்கள். ஒருவர் தமது கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்திருந்தார். இன்னொருவருடையது ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. மூன்றாமவரான யோஹான்மையர் மட்டும் தமக்கு ஒன்றும் தெரியாதென்று சாதித்தார். மற்ற இருவருடைய பிரதிகளும் சிக்கிவிட்டன, இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் கோடாலியை எடுத்தார்.

‘ஹிட்லரின் கடைசி நாட்கள்’ என்ற புத்தகம் 1947-ல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. இதில் ஒரு விசேஷம். டிரெவர்-ரோப்பர் பிணத்தைப் பார்க்காமலே எழுதினார். ரஷ்யர்கள் பார்த்துவிட்டு மூடி மறைத்தார்கள். பல் வைத்தியரின் உதவியாளராக இருந்த கேதே ஹாய்ஸர்மான் என்ற பெண்ணைக் கொண்டு 1945 மே மாதத்திலேயே ஹிட்லரின் பற்களை அடையாளம் கண்டிருந்தார்கள். அந்தத் தாடை எலும்பை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துச் சுமந்தவர் யெலீனா ரிஷெவ்ஸ்கயா என்ற ரஷ்ய மொழிபெயர்ப்பாளர். ஊரெல்லாம் வெற்றி விழாக் கொண்டாடிய இரவிலும் பெட்டி அவர் கையை விட்டு இறங்கவில்லை. அந்த விவரத்தை அவர் புத்தகத்தில் எழுத 20 வருஷம் ஆயிற்று. உண்மை சொன்ன ஹாய்ஸர்மானுக்குக் கிடைத்த வெகுமதியோ ரஷ்யச் சிறை, 1955-ல்தான் விடுதலை. பிரெஞ்சு வைத்திய நிபுணர்கள் மாஸ்கோவில் அதே பற்களைப் பரிசோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 1945-ல் சொன்னது சரியாகவே இருந்தது.

எழுதாத மனிதர்

ஹிட்லரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. மணிக்கணக்கில் பேசுவார், எழுத மாட்டார். உத்தரவுகளைப் பெரும்பாலும் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். தீரா நோயாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்வதற்கு 1939-ல் தம் கடிதத் தாளில் கையெழுத்திட்டு அனுமதி கொடுத்தார். ஐரோப்பிய யூதர்களைக் கொல்வதற்கு அவர் கையெழுத்திட்ட அப்படிப்பட்ட உத்தரவு எதுவும் அகப்படவில்லை. 1952-ல் ஆலன் புல்லக், 1973-ல் யோஹிம் பெஸ்ட், 1998-லும் 2000-லும் இரண்டு பெரிய பாகங்களாக இயான் கெர்ஷா. பெயர்பெற்ற இந்த வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் பிறர் குறிப்பு, பிறர் சாட்சியம், பிரசங்கம், இலாகாக் காகிதங்கள் ஆகியவற்றிலிருந்து துளித் துளியாகச் சேர்த்தவையே. ஹெர்மன் ரௌஷ்னிங் என்பவர் ஹிட்லரோடு பேசியதாக யுத்த ஆரம்பத்தில் வெளியிட்ட சம்பாஷணைகளை ஒரு காலத்தில் எல்லாரும் எடுத்தாண்டார்கள். கெர்ஷா அதை ஓர் இடத்திலும் தொடவில்லை. நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிட்டார்.

இப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் 60-க்கு மேற்பட்ட டைரிகள் கிடைத்தால் எப்படி இருக்கும்!

தேநீரில் நனைந்த சரித்திரம்

ஹாம்பர்க் நகரத்து ‘ஷ்டெர்ன்’ என்ற பிரபல வாரப் பத்திரிகையின் நிருபர் கெர்டு ஹைடமான்தான் டைரிகளைக் கொண்டுவந்தவர். 1945 ஏப்ரலில் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு விமானம் நிஜமாகவே விழுந்து நொறுங்கிற்று. ஹிட்லரின் காகிதங்கள் அதில் இருந்தன, கிராமத்தார் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது கதை. பத்திரிகை கொடுத்த விலை 90 லட்சம் மார்க்குக்கு மேல்.

டிரெவர்-ரோப்பர் அப்பொழுது டேகர் பிரபு என்ற பட்டத்தோடு கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் தலைவராக இருந்தார். லண்டன் ‘டைம்ஸ்’ நிறுவனத்தின் டைரக்டர்களில் ஒருவரும்கூட. அந்த நிறுவனம் டைரிகளை விலை பேசிக்கொண்டிருந்தது. ஆகவே பார்த்து அபிப்பிராயம் சொல்ல அவரை அனுப்பிற்று. பார்க்கக் கிடைத்தது சில மணி நேரம். அபிப்பிராயமோ அன்றைக்கே டெலிபோனில் வேண்டும். காகிதம் பழையதென்று ரசாயனப் பரிசோதனையில் நிரூபணமாகிவிட்டது என்றார்கள். டைரிகளைக் காப்பாற்றி வைத்திருந்தவர் யாரென்பதும் பத்திரிகைக்குத் தெரியும் என்றார்கள். இரண்டும் உண்மை அல்ல. 1945-ல் டிரைவரையும் காவல்காரரையும் துருவித் துருவிக் கேட்டவர், 1983-ல் பத்திரிகைக்காரர்களின் வார்த்தையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். குவியலின் அளவும் அவரை மயக்கிற்று. ஆறு புத்தகம் போதுமென்றால் அறுபது புத்தகம் எவன் கள்ளத்தனமாக எழுதுவான் என்று வாதித்தார்.

எழுதியவன் ஒருவன் இருந்தான். ஸ்டட்கார்ட்டில் பழைய ராணுவச் சாமான் விற்ற கொன்ராட் கூயாவ்! சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, எழுதி, தாள்கள் பழுப்பேறத் தேநீரைக் கொட்டினான். அட்டையில் ‘ஏ. எச்.’ என்று இருக்க வேண்டிய எழுத்துக்களில் முதலாவது ‘எப்’ ஆகிவிட்டது. அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, ‘ஒரே கைதான்’ என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். அசல் என்று அவர்களிடம் கொடுத்த மாதிரிகளில் சில கூயாவின் கைவேலையே!

ஏப்ரல் 23-ல் டேகர் பிரபுவின் கட்டுரை ‘டைம்ஸ்’ஸில் வெளிவந்தது. அன்றே அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மறுநாள் பத்திரிகைக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த இரவில் ‘சண்டே டைம்ஸ்’ ஆசிரியருடன் டெலிபோனில் பேசியபோது அதைச் சொன்னார். இயந்திரம் நிற்கவில்லை. முதல் பக்கம் அச்சேறிய பின் மனம் மாறுகிற கட்டுரையாளரை எந்த ஆசிரியர்தான் வரவேற்பார்? நாமும் அந்தத் தொழிலில் இருப்பதால் தெரியும்.

25-ந் தேதி ஹாம்பர்க்கில் நிருபர்கள் கூட்டம். ‘ஷ்டெர்ன்’ காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, சரித்திர ஆராய்ச்சியின் முறைகளைப் பத்திரிகை அவசரத்துக்குப் பலி கொடுத்துவிட்டோம் என்ற கருத்தில் பேசினார் டேகர் பிரபு. மே 6-ந் தேதி ஜெர்மன் அரசாங்க ஆவணக் காப்பகம் தீர்ப்புச் சொல்லிற்று. தாளில் யுத்தத்துக்குப் பிறகு வந்த வெளுப்பு மருந்து. பைண்டிங்கில் அக்காலத்தில் இல்லாத செயற்கை நூல். டைரி வாசகங்களோ, டோமாருஸ் என்பவர் தொகுத்த ஹிட்லர் பிரசங்கப் புத்தகத்திலிருந்து அச்சுத் தொகுப்பின் பிழைகளோடு அப்படியே காப்பி. 1985-ல் நிருபருக்கும் கூயாவுக்கும் நாலரை வருஷத்துக்கு மேலும் கீழுமாகச் சிறை. கூயாவ் வெளியே வந்து, ‘அசல் கூயாவ் போலிகள்’ என்று படங்கள் விற்றுப் பிழைத்தான்! டேகர் பிரபு 2003-ல் காலமானார். அவரைப் பற்றிய மரணக் குறிப்புகளில் புட்டியைவிட டைரிக்கே அதிக இடம் கிடைத்தது பரிதாபம்.

ஒரு சொல்

அந்தக் கூட்டத்தில் எழுந்து, மையைப் பரிசோதித்தீர்களா என்று கூச்சலிட்டவர் டேவிட் இர்விங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். சில நாளில் அவரே மனம் மாறி, டைரிகள் அசல் என்றார். அதற்குப் பிறகு குட்டு உடைந்துவிட்டது. யூதப் படுகொலையைப் பற்றி டைரிகளில் பேச்சே இல்லை. அந்தக் கொலைகள் ஹிட்லருக்குத் தெரியாமல் நடந்தவை என்று 1977-லேயே புத்தகம் எழுதியவர் இர்விங்.

பிற்காலத்தில் படுகொலையே கட்டுக்கதை என்கிற அளவுக்குப் போனார். அமெரிக்கப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட் 1993-ல் அவரைக் கண்டித்து எழுதினார். இர்விங் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். ஆங்கிலச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரிச்சர்டு எவன்ஸ், இரண்டு ஆராய்ச்சி மாணவர்களோடு இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, இர்விங்கின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூல தஸ்தாவேஜுகளோடு ஒப்பிட்டார். கூயாவ் காகிதத்தைப் போலியாகச் செய்தான். இர்விங் எடுத்ததோ அசல் காகிதம்; படித்ததுதான் பொய். தெரிந்தே, திரும்பத் திரும்பச் சான்றுகளைத் திரித்தார் என்று 2000 ஏப்ரல் 11-ந் தேதி நீதிபதி சார்லஸ் கிரே தீர்ப்பளித்தார்.

அவற்றில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நாஜிப் போலீஸ் தலைவர் ஹிம்லர் தம் டெலிபோன் பேச்சுக்களைச் சுருக்கமாகக் குறித்து வைப்பார். 1941 டிசம்பர் 1-ந் தேதிக் குறிப்பில் ‘எஸ். எஸ். நிர்வாக அதிகாரிகள் இருக்கவேண்டும்’ என்று இருக்கிறது. ‘ஹாபென்’ என்ற ஜெர்மன் சொல்லை ‘யூடென்’ என்று படித்து, யூதர்கள் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்ற உத்தரவாக ஆக்கிவிட்டார் இர்விங்! யூடென் என்றால் யூதர்கள். முந்தின நாள் குறிப்பு இன்னும் முக்கியம்: ‘பெர்லினிலிருந்து யூதர் ரயில். அழிக்க வேண்டாம்.’ ஒரே ஒரு ரயிலைப் பற்றிய பேச்சு. இர்விங் அதை எல்லா யூதர்களையும் காப்பாற்ற ஹிட்லர் போட்ட கட்டளையாக்கினார்.

ஹிம்லர் அந்த டெலிபோனை எடுத்தது நவம்பர் 30-ந் தேதி பிற்பகல் ஒன்றரை மணிக்கு. அந்த ரயிலில் பெர்லினிலிருந்து வந்த சுமார் 1,000 பேரும் அன்று காலையிலேயே, லாட்வியாவில் ரிகா நகரத்துக்கு வெளியே ரும்புலா காட்டில், குழிகளின் ஓரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.