நீண்ட கோவிட்டும் தேகாப்பியாசமும்

கோவிட் கண்டு மாதங்கள் பல கழிந்தும் தேறாதவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நடந்து பாருங்கள், உடம்பு தானாகச் சரியாகிவிடும்" என்று உற்றாரும், சில வேளைகளில் வைத்தியருமே செய்கிற உபதேசம், நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதேயாயினும், கேட்பவருக்குப் பெருந்தீங்காய் முடிவதுண்டு. அவ்வாறே மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு காலையில் தெருக்கோடி வரை நடந்து வந்தவர் அன்று மாலை வரை நன்றாகவே இருப்பார். மறுநாளோ அதற்கு மறுநாளோ, அடித்துப் போட்டாற்போலப் படுக்கையில் கிடந்து, தலை வாரிக்கொள்ளவும் கை தூக்க மாட்டாமல் தவிப்பார். இடையில் ஓர் இரவு கழிந்துவிடுவதால் நடைக்கும் நோவுக்கும் உள்ள சம்பந்தம் வீட்டாருக்குப் புலப்படுவதில்லை. சோம்பேறி என்ற பழி மட்டும் நோயாளியின் தலையில் விழுகிறது.

அப்பழி அநியாயமானது என்பதை ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. உழைத்தபின் சோர்வு மிகும் நீண்ட கோவிட் நோயாளிகள் 25 பேரையும், கோவிட் வந்து முழுக்கத் தேறிய 21 பேரையும் சுமார் 15 நிமிஷம் சைக்கிள் மிதிக்கச் செய்து, அதற்கு ஒரு வாரம் முன்னரும், மிதித்த மறுநாளும் அவர்களுடைய தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். நோயாளிகளின் தசையில், உணவின் சாரத்தைச் சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியா முன்னரே மந்தமாயிருந்தது. மிதித்த பின் இன்னும் குன்றியது. தசையிழைகள் சிதைந்து கிடந்ததும் கண்ணுக்குத் தெரிந்தது. இருதயமும் நுரையீரலும் செவ்வையாகவே இயங்கின. சாதாரணப் பரிசோதனைகளில் குறையொன்றும் அகப்படாமல், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தத் தசைத்துணுக்குகள் சொல்லும் சாட்சியம் எவ்வளவு ஆறுதல்!

ஆகவே, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சிமுறை இவர்களுக்கு ஆகாது. இதே இயல்புடைய நாட்பட்ட சோர்வு நோய்க்கு அம்முறையைப் பரிந்துரைப்பதை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021லேயே கைவிட்டது. நோயாளி தம் சக்தியின் எல்லையை அறிந்து, களைப்பு வருமுன்பே உட்கார்ந்துவிட வேண்டும். முக்காலியில் அமர்ந்து குளிப்பதும், காய் நறுக்குவதை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்வதும் இவ்விதிக்குள் அடங்குவனவே. நீண்ட கோவிட் உள்ளவர் அனைவருக்கும் உழைத்தபின் சோர்வு மிகும் இந்தப் பின்விளைவு உண்டென்பதில்லை. அது இல்லாதவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லப் பயிற்சியைத் தொடங்கலாம். மார்வலியோ படபடப்போ மயக்கமோ உள்ளவர்கள் அதன் காரணத்தைக் கண்டறியாமல் எதையும் தொடங்கலாகாது.

தொழில் செய்வோருக்குச் சில நாடுகளில் இந்நோயின் பேரில் சட்ட உரிமையும் உண்டு. நீண்ட கோவிட் ஒருவருடைய அன்றாட வாழ்வின் முக்கியமான காரியங்களைக் கணிசமாகத் தடுக்குமாயின், மாற்றுத்திறனாளிகளுக்குரிய சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் கிடைக்குமென்று அமெரிக்க மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்தது. 2022இல் ஸ்காட்லாந்தின் தொழில் தீர்ப்பாயம் ஒன்றும், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி அவ்வாறே ஒரு தொழிலாளியின் வழக்கில் தீர்மானித்தது. இத்தகைய சட்டத்தின் துணையோடு வேலைநேரக் குறைப்பையோ இடையிடையே ஓய்வையோ கேட்பவர்கள், 'சோர்வு' என்ற ஒற்றைச் சொல் எழுதிய சான்றிதழை ஒப்புக்கொள்ளாமல், எந்த வேலைக்குப் பின், எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை நாள் படுக்க நேர்கிறதென்பதைத் தேதிவாரியாகக் குறித்து வைத்து, அதை வைத்தியரிடம் காட்டி விவரமாக எழுதி வாங்க வேண்டும்.