வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: நன்கொடை கேட்கும் முன் நாம் யோசிக்க வேண்டியவை

எமது நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பவற்றைச் சேர்த்து மெல்வதே இதற்குப் பெருங்காரணம். புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வோர் எம்மில் பலர். ஆனால் புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004இல் உறுதிசெய்துவிட்டது.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இப்பழக்கத்தை விடுவது எளிதன்று. தோட்டமும் வயலும் கைவிட்டுப் போனபின், வேலையற்ற நீண்ட பொழுதுக்கும் பசிக்கும் வெற்றிலையே துணை என்று சொல்வோரை நாம் அறிவோம். ஆகவே அவர்களைக் கண்டிப்பதில் பயனில்லை. நோயை முன்கூட்டியே கண்டறிய உதவுவதே முதல் வேலை.

கண்டறிவது மட்டும் போதுமா?

வாயினுள் ஏற்படும் மாற்றத்தை வெளிச்சத்தில் கண்ணாலேயே காணலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், உறைப்புப் பட்டால் தாங்க முடியாத எரிவு, வாயை முன்போல் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்வையிட்டனர். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளோரிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005இல் அறிவிக்கப்பட்டது.

எமது நாட்டு அனுபவம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,000 பேருக்கு மேல் பரிசோதித்தனர். சந்தேகத்துக்குரியோரை வைத்தியரிடம் அனுப்பினர். அவ்வாறு அனுப்பப்பட்டோரில் பாதிக்குச் சற்று அதிகமானோரே வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தனர். மற்றவர்கள் போய்ச் சேரவில்லை.

பணத்தை எங்கே செலவிடுவது?

கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ நன்கொடைக்கு எழுதும்போது, சுவரொட்டி, பந்தல், ஒலிபெருக்கி, ஒருநாள் கருத்தரங்கு என்றே செலவுப் பட்டியல் நீள்வது வழக்கம். இவையும் ஓரளவுக்குத் தேவைதான். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும்போதும் பஸ் கட்டணமும், நோயாளியுடன் போகிறவர் இழக்கும் நாட்கூலியும் வீட்டாரின் தலையிலேயே விழுகின்றன. நிரந்தர வருமானமில்லாத குடும்பத்தைத் தடுத்து நிறுத்துவது இச்செலவே. நன்கொடைப் பணம் முதலில் இங்கே போக வேண்டும் என்பதே எமது கருத்து.

விண்ணப்பத்தை இவ்வாறு அமைக்கலாம்:

1. முதலில் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தியுங்கள். நாம் அனுப்புவோரை எந்தப் பல் வைத்தியர், எந்த நாளில் பார்ப்பார் என்பதை எழுத்தில் பெற்று விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

2. எமது பகுதியில் வெற்றிலை போடுவோர் எத்தனை பேர் என வீடு வீடாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் திட்டத்தின் அத்திவாரம்.

3. பயணச் செலவைக் கணக்காகக் காட்டுங்கள். உதாரணமாக, 5 நோயாளர், ஒவ்வொருவருடனும் ஒரு துணை, மாதம் இரு தடவை என்றால், மாதம் ஒன்றுக்கு 20 பேருக்கான போய்வரும் கட்டணம் வேண்டும். உணவுச் செலவையும் சேருங்கள்.

4. துணையாகச் செல்ல ஆணிலும் பெண்ணிலும் சிலரைச் சங்கமே தெரிவுசெய்யட்டும்.

5. பணத்தை இருவர் கையொப்பத்துடன் வங்கியில் வையுங்கள். டிக்கற்றையும் பற்றுச்சீட்டையும் பேணி, மாதந்தோறும் கூட்டத்தில் கணக்கை வாசியுங்கள்.

6. எத்தனை கூட்டம் நடத்தினோம் என்பதை மட்டும் அறிக்கையில் எழுத வேண்டாம். அனுப்பியவர்களில் எத்தனை பேர் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நோயாளியின் பெயரையோ படத்தையோ அவர் சம்மதமின்றி நன்கொடையாளருக்கு அனுப்பக் கூடாது. புற்றுநோய் தொற்றுநோயல்ல என்பதை அயலவருக்கு விளக்குவதும் சங்கத்தின் பொறுப்பு. நோய் வந்த வீட்டுக்குப் போக ஆட்கள் தயங்கினால், மருந்து மட்டும் அந்தக் குடும்பத்தைத் தாங்காது.

தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி அமைக்க நிதி திரட்டவென 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபவனி நடந்தது. முன்பின் அறியாதவர்களும் அதற்குக் கொடுத்தார்கள். அந்த வாசல் வரை எமது அயலவரைக் கூட்டிச் செல்வது எம்மாலேயே ஆகக்கூடியது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.