ஆட்டுத் தலையும் ஆனை உடலும்!

திருவாடானைத் தலபுராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முனிவர் சாபத்தால் வருணன் மகன் வாருணிக்கு ஆட்டுத் தலையும் ஆனை உடலும் வாய்த்தன. ஆதிரத்தினேசுவரரைத் தொழுது விமோசனம் பெற்றான்.

இரத்த அணுவின் உட்கருவிலும் இப்படியொரு விபரீதம் நேர்வதுண்டு! இரு வேறு புரதங்கள் பாதிப் பாதியாக ஒட்டிக்கொள்ள, ஒருவகை இரத்தப் புற்றுநோய் பிறக்கிறது.

அதற்கு விமோசனம்? வெள்ளைப் பாஷாணம்! டாக்டர் அளந்து ஏற்றும் பாஷாணம் பற்றியதும், 'சூமோ' என்ற குட்டிப் புரதம் அந்த ஒட்டுப் புரதத்தின்மேல் சீட்டுப்போல் ஒட்டுகிறது. பிறகு 'யுபிக்விட்டின்' என்ற இன்னொரு சீட்டு. "இது வேண்டாம்" என்று அர்த்தம்! உயிரணுவே அதைச் சிதைத்துவிடுகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை இந்த மருந்தை முக்கியமாகக் கொண்டு சிகிச்சை பெற்ற 72 பேரில் 62 பேருக்கு நோய் அடங்கியது.

ஆனால் சகோதரிகளே, டாக்டர் கையில்தான் அது மருந்து. மற்றவர் கையில் விஷமேதான்!