கடல் கடந்து சிகிச்சைக்குச் செல்லும் முன்

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் தம் மகளுடன் வந்திருந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். வெளிநாட்டில் பணிபுரியும் மகன், மாற்றுச் சிறுநீரகத்தை அங்கேயே பொருத்திக்கொள்ளலாம் என்று அழைக்கிறாராம். "தோட்டத்தை விற்றாவது போய்வரலாமா, டாக்டர்?" என்று கேட்டார். தம் சிறுநீரகத்தைத் தருவதாக முன்பே கூறியிருந்த மகள், மௌனமாக அமர்ந்திருந்தார்.

நம் பகுதி மக்களுக்கு இத்தகைய பயணம் புதிய செய்தியன்று. 1984 அக்டோபரில் நோயுற்ற முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., நவம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பரில் அண்ணன் மகள் லீலாவதி அளித்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் அங்குச் சிகிச்சையில் இருக்கும்போதே ஆண்டிபட்டித் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பிய பிறகும் அவர் சிகிச்சைக்காக மீண்டும் அமெரிக்கா செல்ல நேர்ந்தது. அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இச்சிகிச்சை இங்கே கிடைக்கிறதா என்பது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இலேயே சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது. இன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு.

வெளிநாடுதான் என்று முடிவானால், நோய் விவரச் சுருக்கம், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகடு ஆகியவற்றை முன்னதாகவே அம்மருத்துவமனைக்கு அனுப்பி, எழுத்து மூலமாகக் கருத்தும் செலவு மதிப்பீடும் பெறுங்கள். விசா கோருவதற்கும் அக்கடிதம் உதவும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். சிகிச்சைக்கு அதற்கு மேல் தேவையெனில் மதிப்பீட்டுக் கடிதத்தை வங்கியில் காட்ட வேண்டும். உறுப்பு தருபவர், துணைக்கு வருபவர் ஆகியோரின் தங்குமிடச் செலவையும், சிக்கல் நேர்ந்தால் கூடும் நாள்களையும் கணக்கில் சேருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுச் செல்லும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது. விலைக்குச் சிறுநீரகம் கிடைக்கும் என்று எவரேனும் அழைத்தால் உடனே விலகுங்கள். உறுப்பு வணிகத்தை நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

அடுத்தது பயணம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ளதற்கு ஒப்பாகும். மூணாறின் உயரமே ஏறத்தாழ 5,000 அடிதான். மலையேறும்போதே மூச்சு வாங்குபவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும் மருத்துவரின் மதிப்பீடின்றிப் பறக்கக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் புறப்படுவதற்குச் சற்று முன் ஒருமுறை செய்துகொண்டு, சேருமிடத்திலும் நாள் குறித்துவைக்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ பெரிய அறுவை செய்துகொண்டவர் திரும்பும் பயணத்துக்குப் பொதுவாகப் பத்து நாளேனும் காத்திருக்க வேண்டும். நெடும்பயணத்தில் கால் நரம்புகளில் இரத்தம் உறையக்கூடும். அவ்வப்போது எழுந்து நடப்பது நல்லது.

இறுதியாக, திரும்பிய பின் யார் பார்ப்பார்? மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, அது இயங்கும் காலம் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு வணிகப் பெயர் மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். உங்களைத் தொடர்ந்து கவனிக்க இங்குள்ள மருத்துவர் ஒருவர் புறப்படும் முன்பே இசைந்திருக்க வேண்டும். இக்கேள்விக்கு விடையில்லாத பயணத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

பெரியவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் மதுரையில் தந்தைக்கும் மகளுக்கும் பொருத்தப் பரிசோதனை நடக்கிறது. அதன் முடிவு வரும்வரை தோட்ட விற்பனைப் பேச்சை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன்.