நாரைக்குச் சோறு நம் வயலில்தான்

வேடந்தாங்கல் ஏரியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி எனக்கு இரண்டு ஏக்கர் நிலம். கார்த்திகை, மார்கழி என்றால் எங்கள் வயலில் நத்தைக்குத்தி நாரைகள் நிற்கும். பத்து வருடத்துக்கு முன் சம்பாவில் தண்டுத்துளைப்பானுக்கு என்று குருணை மருந்து போட்டேன். மூன்றாம் நாள் நத்தை, தவளை எல்லாம் செத்து மிதந்தன. வரப்பில் இரண்டு கொக்குகள் விழுந்து கிடந்தன. அடுத்த வருடம் நாரை இறங்கவே இல்லை.

வேடந்தாங்கலில் என் அத்தை வீடு. மாமாவிடம் சொன்னேன். "நாங்க தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காம இதுங்களைக் காப்பாத்துறோம். நீ ஒரு பை மருந்துல முடிச்சிட்டியே மாப்ளே!" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பறவை மேல் இருப்பது வெறும் பாசம் இல்லை. விவசாயக் கணக்கும் உண்டு. ஏரிக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. மழையில் ஏரி நிறைந்ததும் கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அந்த மரங்களில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும். காசில்லாமல் கிடைக்கும் எரு!

அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தார்கள். அரசு அங்கீகாரம் வந்தது 1936-ல்தான். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

என் நிலம் அந்த எல்லைக்கு வெளியே. ஆனால் பறவைகள் இரை தேடி அதையும் தாண்டிப் போகின்றன. ஏரியில் இருப்பது கூடுதான். குஞ்சுக்குச் சோறு சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான். நம் வயலில் நத்தையும் தவளையும் செத்தால் அங்கே குஞ்சு பட்டினி. பறவை வராவிட்டால் எருத் தண்ணீரும் இல்லை.

அந்த வருடமே குருணையை விட்டேன். இப்போது நாற்றின் நுனியைக் கிள்ளி நடுகிறேன். தண்டுத்துளைப்பானின் முட்டைக் குவியல் அதோடு போய்விடும். பிறகு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறேன். தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். முதல் வருடம் மகசூல் குறைந்தது, மறைக்க மாட்டேன். மூன்றாம் வருடம் மார்கழியில் நாலு நாரை இறங்கியது. போன் போட்டு மாமாவிடம் சொன்னேன். "உன் வயல் பொழைச்சிடுச்சு மாப்ளே" என்றார்.

கரிக்கிலி, வெள்ளோடு, கூந்தன்குளம் பக்கம் நிலம் வைத்திருக்கும் உழவர்களே! சரணாலயத்தைக் காக்க வனத்துறை இருக்கிறது. பறவையின் சாப்பாட்டுத் தட்டு நம் கையில். அதில் நஞ்சு வைக்காமல் இருந்தாலே போதும்.