பூத்துக் குலுங்கும், ஆனால் பட்டினி கிடக்கும்! 'ஃபிளவர் பாட்' பவளம் ஏன் வீட்டுத் தொட்டியில் செத்துப் போகிறது?

கடையில் பார்க்கும்போது சாமந்திக் கொத்து மாதிரி அசைந்தாடும். ஆசைப்பட்டு வாங்கி வந்து தொட்டியில் வைத்தால் மறுநாளே விரிந்துவிடும். ஆறேழு மாதம் அழகாகவே இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களை பல ஆண்டுகளாக ஏமாற்றிய உயிரினம் இது. பெயர் கோனியோபோரா. செல்லப் பெயர் ஃபிளவர் பாட் கோரல், அதாவது பூந்தொட்டிப் பவளம்.

இது பூவா?

பூ இல்லைங்க, விலங்கு. ஒவ்வொரு 'பூ'வும் ஒரு பாலிப். அதன் நுனியில் 24 உணர்கொம்புகள் இருக்கும். எண்ணிப் பார்த்து 12 மட்டும் இருந்தால் அது அல்வியோபோரா என்ற வேறு பவளம். பெரும்பாலான கல் பவளங்கள் இரவில்தான் நன்றாக விரியும். இது பட்டப்பகலிலும் விரிந்து நிற்கும். அந்த அழகுதான் இதற்கு வினையாகிவிட்டது.

எங்கே தப்பு நடக்குது?

பாலிப் விரிந்திருக்கிறதே, நல்லாத்தானே இருக்குன்னு நினைப்பதுதான் முதல் தப்பு. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி, வெளிச்சத்தை வைத்து சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். ஆனால் உடல் வளர சர்க்கரை மட்டும் போதாது, புரதமும் வேண்டும். கோனியோபோராவில் பல வகைகள் கலங்கலான கடல் பகுதிகளில் வளர்பவை. அங்கே நுண்ணுயிர்கள் தண்ணீரோடு வந்துகொண்டே இருக்கும். வீட்டுத் தொட்டியில் ஃபில்டர் போட்டு தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்போம். மனுஷக் கண்ணுக்கு அது சுத்தம், பவளத்துக்குப் பட்டினி. உடம்பில் இருக்கும் சேமிப்பு தீரும்வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சாவு மெதுவாக வருகிறது.

எப்படி ஊட்டுவது?

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பவளங்களுக்கான மாவு போன்ற நுண்ணிய உணவைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, பம்பை நிறுத்திவிட்டு, பிப்பெட்டால் பாலிப் மேல் மெதுவாக விட வேண்டும். 10, 15 நிமிடம் கழித்து மறக்காமல் பம்பைப் போட வேண்டும். அளவு மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிடும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியமாக்கத் துடிக்க வேண்டாம், இதற்குக் கொஞ்சம் இருப்பதே நல்லது. மாங்கனீஸ் சேர்த்தால் நன்றாக விரிகிறது என்பது பல வளர்ப்பாளர்களின் நம்பிக்கை.

மற்றபடி வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்பின் அடர்த்தி 1.025 அளவில் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். மிதமான வெளிச்சம், நேராக முகத்தில் அடிக்காத நீரோட்டம் போதும்.

வைக்கும் இடம் முக்கியம். சில வகைகளின் பாலிப் ஒரு சாண் நீளம்கூட போகும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பக்கத்துப் பவளத்தைக் கொட்டிவிடும். கோமாளி மீன் கடல் சாமந்தி என்று நினைத்து இதிலேயே குடியேறிவிடுவதும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் அது உரசிக்கொண்டே இருந்தால் பவளம் விரியாது.

விரிந்த நிலையில் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவே கூடாது. லேசாகத் தொட்டு, பாலிப் உள்ளே போன பிறகு அடிப்பகுதி எலும்பைப் பிடித்து எடுக்க வேண்டும். சதை கிழிந்தால் அந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ் போல அழுகல் வரும். ஒரு சில நாளில் மொத்தத்தையும் தின்றுவிடும். பாலிப்பின் நீளம் வாராவாரம் குறைவது, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிவது இரண்டும் ஆபத்தின் அறிகுறி. வாங்குவதாக இருந்தால் கடலில் பெயர்த்ததை விட்டுவிட்டு, பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டைத் தேடுவதே சரி. தொட்டி வாழ்க்கைக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

கூடாது. கோனியோபோரா உட்பட எல்லா கல் பவளங்களும் 2001 முதல், 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பெயர்த்தெடுத்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். ஆன்லைனில் 'ஃபிளவர் பாட்' என்று யாராவது விற்றாலும் இதுதான் நிலை. 21 தீவுகள் கொண்ட நம்ம மன்னார் வளைகுடாவிலேயே கோனியோபோரா இயற்கையாக வளர்கிறது. உயிருள்ளது மட்டுமல்ல, செத்த பவளத் துண்டை அலங்காரப் பொருளாக விற்பதும் குற்றம்தான்.